கோல்டன்ராட்: செப்டம்பர் வெளிகளின் மஞ்சள் பூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில் குடியிருக்கிறேன். ஆகஸ்ட் பாதி தாண்டினால் ரூஜ் பூங்காவுக்கு நடைக்கு வருகிற நம்மவர்கள், சாலையோரம் முழுக்க மஞ்சளாக நிற்கும் ஒரு செடியைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். பல வருடமாகக் கேட்டுக்கேட்டுச் சேர்ந்த கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

இது என்ன செடி?

கோல்டன்ராட். இந்தப் பகுதியின் திறந்தவெளிகளில் அதிகம் காண்பது கனடா கோல்டன்ராட், தாவரவியல் பெயர் சாலிடாகோ கனடென்சிஸ். அதோடு உயரக் கோல்டன்ராட் என்று ஒன்று கலந்து வளரும், அதன் பெயர் சாலிடாகோ ஆல்டிசிமா. இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தாவரவியலாளர்களே தண்டின் மயிரையும் பூவின் அளவையும் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம்.

சாலிடாகோ இனத்தில் நூறு வகைகளுக்கு மேல் உண்டு, பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்கே உரியவை. நம் சாமந்தி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இதற்கும். வயலாக இருந்து உழவு நின்றுபோன நிலம், ரயில் பாதை ஓரம், மின்கம்பிகளுக்குக் கீழே வெட்டிவிட்ட நீண்ட பட்டை, இங்கெல்லாம் முதலில் குடியேறுகிற செடிகளில் இது ஒன்று. மரம் வந்து நிழல் கட்டும்வரை இடத்தை விடாது.

தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

நம் மண்ணில் தானாக வளராத செடி, அதனால் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. ஆங்கிலப் பெயரின் பொருள் பொன்னாலான கோல். பொற்கோல் என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையிலும் பூங்காப் பலகையிலும் நீங்கள் பார்க்கப்போவது கோல்டன்ராட் என்பதால் அதையே எழுதுகிறேன்.

சாலிடாகோ என்ற பெயர், முழுமையாக்குதல், குணமாக்குதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் வளரும் இதன் உறவுச் செடியைக் காயத்துக்குக் கட்டியதால் வந்த பெயர். நம் வரப்பில் வெட்டுக்காயப் பூண்டு என்று ஒன்று கிடக்குமே, அரிவாள் பட்டால் உடனே கசக்கிப் பிழிவது, அதுவும் இதே குடும்பம்தான்.

இந்தப் பூவால்தானே எனக்குத் தும்மல் வருகிறது?

இல்லை. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இங்கே வந்த நாலாவது வருடம் ஆகஸ்ட் கடைசியில் தும்மல் பிடித்துக்கொண்டது. கண் சிவந்து அரிப்பு, இரவெல்லாம் மூக்கடைப்பு. வீட்டுப் பின்வேலி ஓரம் இந்த மஞ்சள் பூ நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர்கள், எல்லோரும் அதையே கைகாட்டினார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்கக் குனிந்து அத்தனையையும் பிடுங்கினேன். தும்மல் குறையவில்லை. முதல் உறைபனி விழுந்த வாரம்தான் நின்றது. அடுத்த வருடம் அலர்ஜி மருத்துவர் முன்கையில் துளித்துளியாகச் சொட்டிக் குத்திப் பார்த்தார். தடித்து வீங்கிய இடம் ராக்வீட் என்ற இன்னொரு செடிக்குரியது. அது எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறது. பச்சை நிறம், பச்சைப் பூ, அதனால் கண்ணில் படவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

காரணம் மகரந்தத்தில் இருக்கிறது. கோல்டன்ராடின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டு போவதற்கென்றே அமைந்தது, காற்றில் ஏறாது. ஒரு பூங்கதிரை உங்கள் மூக்குக்கு நேராகப் பிடித்தாலொழிய அது உள்ளே போக வழியில்லை. ராக்வீட் நேர் எதிர். பூச்சியைக் கூப்பிட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை, ஆகவே நிறமும் இல்லை, தேனும் இல்லை. காற்றை நம்பியே வாழ்கிறது. ஒரே செடி ஒரு பருவத்தில் நூறு கோடி வரை மகரந்தத் துகள் விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடலுக்குள் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட அதன் துகள் காற்றில் அகப்பட்டிருக்கிறது.

இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கின்றன, ஒரே வகை நிலத்தில் நிற்கின்றன. ஒன்று பளிச்சென்று தெரிகிறது, மற்றது தெரிவதில்லை. தெரிகிற ஒன்றின் மேல் பழி விழுந்துவிட்டது. ஒன்டாரியோ அரசின் கேடுதரும் களைகள் பட்டியலில் ராக்வீட் இருக்கிறது, கோல்டன்ராட் இல்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூக்கடையில் நாள்முழுக்க இதைக் கையாளுகிறவர்களில் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வருவதுண்டு. சாமந்திக் குடும்பச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் கையால் பறிக்க வேண்டாம்.

அப்படியானால் ராக்வீடை எப்படி அடையாளம் காண்பது?

இலையைப் பாருங்கள். கோல்டன்ராட் இலை நீளமாக, ஈட்டி முனைபோல் பிளவில்லாமல் இருக்கும், ஓரம் ரம்பப்பல், நீளவாக்கில் மூன்று நரம்பு தூக்கலாகத் தெரியும். ராக்வீட் இலை மரிக்கொழுந்து இலையைப் போல நுணுக்கமாகப் பிரிந்து பிரிந்து இருக்கும். அதன் தாவரவியல் பெயரிலேயே அந்த ஒப்புமை இருக்கிறது: ஆர்ட்டிமிசியா இலை உடையது என்று பொருள், நம் மரிக்கொழுந்தும் ஓர் ஆர்ட்டிமிசியாதான்.

ஊரில் பார்த்தீனியத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் சுலபம். இரண்டும் நெருங்கிய சொந்தம், இலையும் ஏறக்குறைய அதே சாயல், செய்கிற தொந்தரவும் அதே ரகம். பார்த்தீனியத்துக்கு வெள்ளைப் பூ தலையில் தெரியும். ராக்வீடில் நுனியில் பச்சை மணிகள் கோத்த மாதிரி ஒரு கதிர், அவ்வளவுதான். அதை ஜூலைக்குள், பூக்கும் முன்னே, வேரோடு பிடுங்கிவிடுங்கள். ஒருவருடச் செடி என்பதால் சுலபமாக வந்துவிடும். பூத்த பிறகு பிடுங்கினால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கோல்டன்ராட் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஒரு கிளையை வளைத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தூரத்தில் ஒரே மஞ்சள் கூம்பாகத் தெரிந்தது, கையில் வந்ததும் கொத்துக்கொத்தாகப் பிரியும். கிளை வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், பூக்கள் அந்த வளைவின் மேல்பக்கத்தில் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், கம்பியில் ஒருபக்கமாக வரிசை கட்டிய குருவிகள் மாதிரி. ஒவ்வொரு பூவும் கடுகைவிடச் சற்றுப் பெரிது. அதையும் நகத்தால் பிரித்துப் பார்த்தால், அது ஒரு பூ இல்லை, பல பூக்கள் சேர்ந்த தலை என்பது தெரியும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு மெல்லிய இதழ்ப்பூ, நடுவில் குழல்குழலாகச் சில. சூரியகாந்தியைச் சில மில்லிமீட்டருக்குச் சுருக்கி வைத்தது போல.

இலையின் மேல்பக்கம் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மணம் பெரிதாக இல்லை, வெயிலில் லேசாகப் பச்சிலை வாடை வரும்.

தண்டின் நடுவில் கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை இருக்கிறதே, அது என்ன? நோயா?

நோய் இல்லை. அதற்குள் ஒரு புழு குடியிருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்கியிருப்பீர்கள். அது பெயருக்குத்தான் காய். ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிட்டதால் மரம் தானே உண்டாக்கிக்கொள்ளும் முண்டு அது. கோல்டன்ராடில் அதே வேலையைச் செய்வது ஓர் ஈ, பெயர் யூரோஸ்டா சாலிடாஜினிஸ். வசந்தத்தின் கடைசியில் பெண் ஈ தண்டின் நுனிக்குருத்தில் ஊசிபோன்ற குழலால் குத்தி முட்டை வைக்கிறது. புழு வெளிவந்து தண்டுக்குள் இறங்குகிறது. சுற்றியிருக்கும் திசுவைச் செடி வீங்க வைக்கிறது, சில வாரத்தில் உருண்டை தயார். வீடும் அதுவே, சாப்பாடும் அதுவே.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருகிறது. இலையுதிர் காலத்தில், தூங்கப்போகும் முன், அந்தப் புழு உருண்டையின் ஓரம்வரை ஒரு சுரங்கம் குடைந்து வைக்கிறது. கடைசித் தோலை மட்டும் விட்டுவிடுகிறது. ஏன் என்றால், வசந்தத்தில் ஈயாக மாறிய பிறகு அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது. வாய் இருக்கும்போதே வாசலை வெட்டிவைத்தால்தான் உண்டு. வெளியேறும் நேரத்தில் நெற்றியில் ஒரு பை ஊதிப் பெருகும். அதை வைத்து முட்டி அந்த மெல்லிய தோலை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

நடுவில் கனடாவின் குளிர்காலம் இருக்கிறது. வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற இடங்களிலும் இந்தப் புழு பிழைக்கிறது. உடலில் கிளிசரால், சார்பிட்டால் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்துக்கொள்கிறது. இருமல் மருந்திலும் சர்க்கரையில்லா மிட்டாயிலும் நாம் சாப்பிடுகிற அதே பொருள்கள்தான். உடம்பு நிஜமாகவே உறைகிறது. ஆனால் பனிக்கட்டி பெரும்பாலும் செல்களுக்கு வெளியேதான் உண்டாகிறது. ஜனவரியில் ஓர் உருண்டையைக் கத்தியால் பாதி வரை கீறி, மீதியைத் திருகிப் பிளந்தேன். நடுவில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, பால்வெள்ளைப் புழு, சின்னப் பீப்பாய் மாதிரி, அசைவே இல்லாமல் கிடந்தது. உள்ளங்கைச் சூட்டில் வைத்திருக்க, ஒரு கட்டத்தில் மெதுவாக நெளிந்தது. அதன் பிறகு நான் வேறொன்றைப் பிளந்ததில்லை.

உருண்டையில் ஓட்டை இருந்தால் அதையும் படிக்கலாம். சுத்தமாகத் துளைபோட்ட மாதிரி குறுகலாக இருந்தால் டவுனி மரங்கொத்தியின் வேலை. அந்தக் குட்டி மரங்கொத்தி, புழு வெட்டிவைத்த வாசலையே தேடிப்பிடித்துக் கொத்தும். கந்தலாகப் பிய்த்திருந்தால் சிக்கடி என்ற சின்னப் பறவை. உருண்டை முழுசாக இருந்தும் உள்ளே புழு இல்லையென்றால், ஒட்டுண்ணிக் குளவியோ ஒரு வண்டின் புழுவோ முந்திக்கொண்டது என்று பொருள். பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலுக்கும் இதைத் தேடிப்போவார்கள்.

உருண்டையாக இல்லாமல் கதிர்க்கோல் போல் நீள்வாக்கில் வீங்கியிருந்தால் அது ஓர் அந்துப்பூச்சி. நுனியில் இலைகள் ரோஜாப்பூ மாதிரிக் கொத்தாகக் குவிந்திருந்தால் அது இன்னொரு சிறு ஈ.

இதை நம்பி எத்தனை உயிர்கள் இருக்கின்றன?

செப்டம்பரில் ஒரு கோல்டன்ராட் புதர் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். தேனீ, காட்டு வண்டுத்தேனீ, பலவகைக் குளவி, ஈ, வண்ணத்துப்பூச்சி, வண்டு என்று ஒரு சந்தையே நடக்கும். கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்டு, குளவி மாதிரி வேஷமிட்ட ஒரு கொம்பன் வண்டு வரும். அது லோக்கஸ்ட் மரத்தைத் துளைக்கும் வண்டு, மகரந்தம் தின்ன இங்கே வருகிறது. பூவோடு பூவாக ஒரு நண்டுச் சிலந்தி பதுங்கியிருக்கும். வெள்ளைப் பூவில் இருக்கும்போது வெள்ளையாக இருந்த சிலந்தி, மஞ்சள் பூவுக்கு மாறினால் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.

காலை ஏழு மணிக்குப் போனால் இன்னொரு காட்சி. குளிரில் அசைய முடியாமல் வண்டுத்தேனீக்கள் பூங்கதிருக்கு அடியில் தொங்கிக்கொண்டு தூங்கும், முதுகு மயிரில் பனித்துளி கோத்திருக்கும். வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக நடுங்கிச் சூடேறிப் பறக்கும்.

இலையைத் தின்று வளரும் கம்பளிப்பூச்சி வகைகள் மட்டும் நூற்றுக்கு மேல். சில காட்டுத்தேனீக்கள் கோல்டன்ராட், ஆஸ்டர் போன்ற சில பூக்களின் மகரந்தத்தைத் தவிர வேறெதையும் தங்கள் குஞ்சுக்குக் கொடுப்பதில்லை. அப்புறம் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அது முட்டையிடுவது பால்களை (மில்க்வீட்) என்ற செடியில், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செப்டம்பரில் இங்கிருந்து மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைகள் வரை பறக்கப்போகும் தலைமுறைக்கு வழிச்சோறு கொடுப்பது கோல்டன்ராடும் ஆஸ்டரும்தான். தேனைக் குடித்து அதைக் கொழுப்பாக்கி, அந்தக் கொழுப்பில்தான் குளிர்காலம் முழுக்க அங்கே மரத்தில் தொங்குகின்றன. பால்களைச் செடி நடுகிறவர்கள் பலர் கோல்டன்ராடை வெட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தொட்டில் கட்டிவிட்டு, அது ஊருக்குப் புறப்படும்போது கட்டுச்சோறு கொடுக்காமல் அனுப்புவது மாதிரி இது.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமா?

மிகவும். குளிருக்கு முன் கடைசியாகக் கிடைக்கும் பெரிய விளைச்சல் இது. அந்த நாட்களில் தேன்பெட்டிக்குப் பக்கத்தில் போனால் நனைந்த காலுறை வாடை அடிக்கும். முதல்முறை பெட்டி வைத்தவர்கள் நோய் வந்துவிட்டதோ என்று பயந்து திறந்து பார்ப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கோல்டன்ராட் தேன் பக்குவமாகும் வாடை அது. தேன் முற்றியதும் போய்விடும். தேன் அடர்ந்த பொன்னிறம், சீக்கிரம் உறைந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். உறைந்தால் கலப்படம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள், அப்படியில்லை. இளஞ்சூட்டு நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்.

இந்த இடத்தில் ஒரு கவலையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1842 முதல் பாடம் செய்து வைத்திருக்கும் கனடா கோல்டன்ராட் பூக்களை எடுத்து, 2014 வரை சேகரித்தவற்றோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. மகரந்தத்தின் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதே காலத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 400-ஐ நெருங்கிவிட்டது. கரியமிலம் கூடினால் செடி மாவுச்சத்தை அதிகம் கட்டுகிறது, புரதம் நீர்த்துப்போகிறது. தேனீ அதே பூவுக்கு வருகிறது, அதே அளவு மகரந்தம் சுமந்து போகிறது, ஆனால் உள்ளே சத்து குறைந்திருக்கிறது. குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய தேனீக்களின் கடைசிச் சாப்பாடு இது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

மூலிகையாகக் குடிக்கலாமா?

ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், சிறுநீர்ப் பாதைத் தொந்தரவுக்குக் கோல்டன்ராட் கஷாயம் கொடுக்கும் வழக்கம் உண்டு. இந்த மண்ணின் பூர்வகுடி மக்களும் பல நோய்க்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகையின் இலை கசக்கினால் சோம்பு மணக்கும். அதைத் தேநீராகப் போட்டுக் குடித்திருக்கிறார்கள், டெலவேர் மாநிலம் அதைத் தன் மாநில மூலிகையாகவே வைத்திருக்கிறது.

ஆனாலும் சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்த அழுத்த மாத்திரை, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். சாலையோரச் செடி வண்டிப் புகையும் உப்பும் களைக்கொல்லியும் பட்டது, அதை வாயில் வைக்கவே வேண்டாம்.

சாயம் எடுக்க முடியுமா?

நன்றாக வரும். பூக்கத் தொடங்கிய நுனிகளை, கம்பளி நூலின் எடைக்கு இரண்டு மடங்கு எடுத்து, கொதிக்காமல் ஆவி பறக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். நூலை முன்னதாகவே படிகார நீரில் வைத்து எடுத்திருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளில் தொடங்கிப் பொன் மஞ்சள் வரை வரும். பட்டிலும் பிடிக்கும். பருத்தியில் மங்கல்தான். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டால் மஞ்சள் பாசிப்பச்சைக்கு மாறும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.

எடிசன் இதிலிருந்து ரப்பர் எடுத்தார் என்பது உண்மையா?

உண்மை. தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையும்கூட.

1920-களில் உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தது. மலாயாவின் தோட்டப்புறங்களில் விடியும் முன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் பெரும்பாலும் நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். ரப்பர் விலை சரிந்தபோது 1922-ல் ஆங்கில அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்று ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. விலை ஏறியது. உலகத்தில் கார் அதிகம் ஓடிய அமெரிக்காவுக்குக் கோபம். போர் வந்து கடல்வழி அடைபட்டால் டயருக்கு என்ன செய்வது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

1927-ல் தாமஸ் எடிசன், கார் செய்த ஹென்றி ஃபோர்டு, டயர் செய்த ஹார்வி ஃபயர்ஸ்டோன் மூவரும் சேர்ந்து ஒரு தாவர ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். எடிசனுக்கு அப்போது வயது 80. அமெரிக்க மண்ணிலேயே, ஒரே பருவத்தில் வளர்ந்து அறுக்கக்கூடிய செடியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. நாடு முழுவதிலுமிருந்து 17,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். கடைசியில் தேறியது கோல்டன்ராட். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் இருந்த தோட்டத்தில், பொறுக்கி எடுத்து இனங்கலந்து, 12 அடி உயரம் வளர்கிற, இலையில் 12 சதவீதம் வரை ரப்பர் உள்ள செடியை உருவாக்கினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோல்டன்ராடைச் சீவினால் பால் வடியாது. ரப்பர் இலைக்குள் இருக்கிறது, இலையைக் காயவைத்து அரைத்து, கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுக்க வேண்டும். வந்த ரப்பரும் பால்மர ரப்பர் அளவுக்கு உறுதியாக இல்லை, பிசுபிசுப்பு அதிகம். எடிசன் 1931 அக்டோபரில் இறந்தார். வேலையை அமெரிக்க வேளாண்மைத் துறை கொஞ்ச காலம் தொடர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் எடிசன் பயந்தபடியே ஆனது. ஆனால் அமெரிக்காவைக் காப்பாற்றியது கோல்டன்ராட் இல்லை, எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பர்.

ரூஜ் பாதையில் இந்தச் செடியைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. நம் ஆட்கள் விடிகாலை இருட்டில் சீவிய மரத்துக்கு மாற்றாக நிறுத்தப் பார்த்த செடி இது.

என் வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எந்த வகை என்று பார்த்து வையுங்கள். கனடா கோல்டன்ராட் தரைக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டிப் பரவும். வேலியோரம் நான் பிடுங்கிய செடிகள் அடுத்த மே மாதமே திரும்ப எழுந்தன, அறுந்து மண்ணில் தங்கிய ஒவ்வொரு துண்டும் ஒரு செடியானது. பெரிய நிலம் இருந்தால் பரவட்டும் என்று விடலாம். சின்ன முற்றத்துக்கு அது சரிவராது.

சின்ன இடத்துக்கு நீலத்தண்டுக் கோல்டன்ராட், வளைந்துவளைந்து ஏறும் ஸிக்ஸாக் கோல்டன்ராட் இரண்டும் நல்லவை. இரண்டும் ஒன்டாரியோவுக்கு உரியவை, அரைநிழலிலும் பூக்கும், மற்றதைப் போல முரட்டுத்தனமாக ஓடாது. நல்ல வெயில் என்றால் ஷோயி கோல்டன்ராட். நாட்டுச் செடி விற்கும் நர்சரியில் கேளுங்கள், காட்டிலிருந்து தோண்டி வராதீர்கள். உரம் வேண்டாம், உரம் போட்டால் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். பக்கத்தில் ஊதா நிற நியூ இங்கிலாந்து ஆஸ்டர் வையுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்போது அரக்குப் பட்டில் சரிகை மாதிரி நிற்கும்.

பூத்து முடிந்ததும் வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். உருண்டைக்குள் ஈயின் புழு இருக்கிறது, விதையைத் தின்னக் குருவிகள் வரும். காய்ந்த தண்டு பனியில் நின்றுகொண்டிருக்கட்டும். வசந்தத்தில், நல்ல சூடு வந்த பிறகு வெட்டுங்கள், அப்போதும் தரையிலிருந்து முழங்கால் உயரம் குச்சியை விட்டுவையுங்கள். தண்டின் உள்துளையில் கூடுகட்டும் சிறு தேனீக்களுக்கு அது வேண்டும். வெட்டியதை உடனே பையில் கட்டாமல் ஒரு மூலையில் சாய்த்து வையுங்கள், உள்ளே இருப்பவை வெளியே வரட்டும்.

ஊருக்கு விதை கொண்டுபோகலாமா? கொடைக்கானலில் நன்றாக வருமே?

தயவுசெய்து வேண்டாம். நன்றாக வந்துவிடும் என்பதுதான் பிரச்சினையே.

பதினேழாம் நூற்றாண்டில் அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், இன்று ஐரோப்பாவின் ஆற்றோரங்களை அடைத்து நிற்கிறது. 1935-ல் சீனாவுக்குப் போனது, அங்கேயும் அலங்காரச் செடியாகத்தான். இப்போது கிழக்குச் சீனாவில் ஒழிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். ஜப்பானில் அவர்கள் கவிதையிலெல்லாம் வரும் சுசுகி புல் நின்ற வெளிகளை உயரக் கோல்டன்ராட் பிடித்துக்கொண்டது. இதன் வேரிலிருந்து கசியும் பொருள்கள் மற்ற செடிகளை முளைக்க விடாமல் தடுக்கின்றன. இங்கே இதைத் தின்ன நூறு பூச்சிகள் உண்டு, அங்கே அவை கிடையாது. காற்றில் பறக்கும் விதை, ஒரு பெரிய செடிக்கு ஆயிரக்கணக்கில்.

உண்ணிச்செடியை அழகுக்காக இறக்கியவர்கள் நம் முதுமலைக் காட்டுக்கு என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதே கதை இன்னொரு முறை வேண்டாம். முறையான அனுமதி இல்லாமல் விதை கொண்டுபோவது இந்தியாவின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டப்படியும் குற்றம்.

ஊர்ப் பூங்கொத்துகளில் ரோஜாவுக்கு நடுவில் வைக்கும் மஞ்சள் பூ இதுதானா?

பெரும்பாலும் இதே இனம்தான். வெட்டுப்பூவுக்கென்று தேர்ந்தெடுத்து வளர்க்கும் ரகங்கள், கதிர் அடர்த்தியாக, தண்டு நேராக இருக்கும். பூக்கடைக்காரர்கள் இடைவெளி நிரப்பத்தான் வைக்கிறார்கள். கொத்து வாடியதும் குப்பையோடு போடுங்கள், தோட்டத்து மூலையில் குவிக்காதீர்கள்.

நவராத்திரிக்குப் பறித்துச் சாமிக்கு வைக்கலாமா?

காலம் சரியாகப் பொருந்துகிறது, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இதைவிட மலிவான மஞ்சள் இங்கே கிடையாது. உங்கள் வீட்டில் வளர்ந்ததைப் பறியுங்கள். ரூஜ் தேசியப் பூங்காவில் எந்தச் செடியையும் பறிக்க அனுமதி இல்லை, அபராதம் உண்டு. பறித்ததை வெளியிலேயே நன்றாக உதறி, கால்மணி நேரம் வாசலில் வையுங்கள். சிலந்தியும் வண்டும் இறங்கிப் போய்விடும். தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். தலைகீழாகக் கட்டிக் காயவைத்தால் நிறம் கொஞ்சம் மங்கினாலும் வடிவம் அப்படியே நிற்கும், ஆனால் முழுதாகப் பூத்த கதிர் பஞ்சாகிப் பறக்கும். ஆகவே பாதி மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும்.

பார்க்க எப்போது, எங்கே போகலாம்?

டொராண்டோ பக்கம் செப்டம்பர் இரண்டாவது வாரம் உச்சம். ரூஜ் பூங்காவில் காட்டுப் பாதையைவிட, பழைய வயல்கள் இருக்கும் பக்கம் போங்கள். மொனார்க் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் ஏரி ஈரி கரையில் பாயிண்ட் பெலீ வரை போகலாம், தெற்கே ஏரியைக் கடக்கும் முன் அவை அங்கே மரங்களில் வந்து தங்கும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் காலை வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள், தூங்கும் தேனீக்களைக் காட்டலாம். ராக்வீட் அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் மழை பெய்த மறுநாளைத் தேர்ந்தெடுங்கள், காற்றில் துகள் குறைவாக இருக்கும்.